தீ வைத்தவரைத் தேடும் முன் சருகைத் தொட்டுப் பாருங்கள்

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் கீழ் எல்லையில் ஒரு கல்சுவர். அதைத் தாண்டினால் வனத்துறையின் காடு சரிந்து சமவெளி வரை இறங்குகிறது. சுவருக்கு மேலே காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை. கீழே போதைப்புல் என்னும் உயரமான புல்லும் இலையுதிர் மரங்களும் நிறைந்த வறண்ட காடு. கோடையில் எங்களுக்குத் தீ கீழேயிருந்துதான் ஏறி வரும். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஒவ்வொரு முறை மலை எரியும்போதும் ஊரில் எழும் முதல் கேள்வி, “யார் வைத்தது?” நியாயமான கேள்விதான். இந்தியக் காடுகளில் பற்றும் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதக் கையால் பற்றுவது. எங்கள் மலையில் இடி மின்னல் வந்தால் பெரும்பாலும் மழையும் கூடவே வந்துவிடும்; ஆகவே மின்னலால் பற்றும் தீ அரிது. அணைக்காமல் எறிந்த பீடி, தேனெடுக்கப் போட்ட புகை, புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சல்காரர் வைத்த தீ, தோட்டக் கழிவைக் கொளுத்தியவரின் அவசரம் என்று ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். ஆள் அகப்பட்டதும் ஊர் விசாரணையை முடித்துக்கொள்கிறது.

எனக்கு அங்கே முடிந்துவிடுவதில்லை. பீடித் துண்டை எறிகிறவர் மழை நிறையப் பெய்த ஆண்டிலும் எறிகிறார், பொய்த்த ஆண்டிலும் எறிகிறார். ஓர் ஆண்டில் அந்தப் பொறி ஒரு பாறை அகலத்துக்குக் கரித்துவிட்டுத் தானாக அடங்குகிறது. இன்னோர் ஆண்டில் அதே இடத்தில் விழுந்த பொறி மூன்று மடிப்பு மலையைத் தாண்டிப் போகிறது. மனிதர்கள் மாறவில்லை, மலையில் இருந்த ஈரம் மாறிவிட்டது. அந்த ஈரம் போவதைத் தீ வருவதற்குப் பல வாரங்கள் முன்பே கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் முடியும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

2024ஆம் ஆண்டுக் கோடையை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை மோசமில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் மிதந்ததை எல்லோரும் அறிவார்கள். எங்கள் பக்கமும் மழை இருந்தது. ஜனவரி நடு வரை விட்டுவிட்டுப் பெய்தது. ஓடையில் தண்ணீர் சத்தம் கேட்டது. காப்பி பறிக்க வந்தவர்கள், காயப்போட்ட பழம் காயவில்லையே என்று சலித்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் காடு எரியும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆனால் அந்த மழை சுவருக்குக் கீழே புல்லையும் வளர்த்துவிட்டிருந்தது. மார்பளவு உயரத்துக்குப் போதைப்புல். ஜனவரிக்குப் பின் மழை முற்றாக நின்றது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் வானம் வெறுமையாகவே கிடந்தது. பசிபிக் கடல் சூடாகி உலக வானிலையையே மாற்றும் எல் நினோ ஆண்டு வேறு. அந்த ஏப்ரல், 1901 முதல் உள்ள பதிவுகளில் தென்னிந்தியாவின் மிகச் சூடான ஏப்ரல்களில் ஒன்று. ஊட்டியிலேயே மாதக் கடைசியில் வெயில் 29 டிகிரியைத் தொட்டது. அங்கே பல பத்தாண்டுகளாக யாரும் காணாத சூடு அது. நனைந்து செழித்த காடு அந்தச் செழிப்போடே காய்ந்து நின்றது. வறட்சி என்றால் பல ஆண்டு மழை பொய்ப்பது என்றே நாம் நினைக்கிறோம். நல்ல மழைக்குப் பின் திடீரென்று வரும் மூன்று மாத வறட்சி, எரிபொருள் அளவில் இன்னும் மோசமானது. ஏனென்றால் எரிய வேண்டியது அங்கே ஏராளமாக வளர்ந்து நிற்கிறது.

நீண்ட வறட்சி வேறு வகையில் கொல்லும். 2016இல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டு புல் குறைவுதான். ஆனால் பெரிய மரங்களே பட்டுப் போயின, விழுந்து கிடந்த கட்டைகள் உள்வரை காய்ந்திருந்தன. அடுத்த மாதம் பந்திப்பூர்க் காட்டில் தீ பரவி, அணைக்கப் போன வனக்காவலர் ஒருவர் உயிரிழந்தார். 2019 பிப்ரவரியில் மறுபடியும் அதே பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது.

புல்லுக்கும் கட்டைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தீயணைக்கப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மெல்லிய புல்லும் சருகும் சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சமமாகிவிடும். காலையில் பனியில் நனைந்த புல் பதினொரு மணிக்குக் கொளுத்தத் தயார். தொடை தடிமனுள்ள கட்டை அப்படி இல்லை. அது காய்வதற்கும் நனைவதற்கும் ஆயிரம் மணி நேரம் என்பது தீயியல் கணக்கு. அதாவது நாற்பது நாளுக்கு மேல். ஆகவே நீண்ட வறட்சியில் வரும் தீ, ஓடிக் கடந்துபோகாமல் கட்டையிலும் வேரிலும் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் பத்து நிமிடத் தூறல் விழுந்தால் புல் நனையும், ஊர் நிம்மதி அடையும். கட்டைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மறுநாள் மதியம் புல் மறுபடி காய்ந்துவிடும்.

வெப்பத்தின் பங்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “ஒன்றிரண்டு டிகிரி கூடினால் என்ன ஆகிவிடும்” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு சுமார் 7 விழுக்காடு கூடும். 30 டிகிரியில் பாதி ஈரத்தோடு இருக்கும் காற்றை, புதிதாக ஈரம் சேராமல் 33 டிகிரிக்குச் சூடேற்றினால், அது மேற்கொண்டு உறிஞ்சக்கூடிய நீரின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. அந்த நீரைக் காற்று எங்கிருந்து எடுக்கும்? மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் சருகிலிருந்தும்தான். ஆகவே முன்பு பெய்த அதே அளவு மழை இன்றும் பெய்தாலும், அது மலையில் தங்கும் நாட்கள் குறைந்துவிட்டன. மழைமானியை மட்டும் பார்த்துவிட்டு “இந்த ஆண்டு சராசரிதான்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. வந்த தண்ணீரை மட்டும் எண்ணினால் போதாது, போன தண்ணீரையும் எண்ண வேண்டும்.

உலகம் முழுவதும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியா பதிவு தொடங்கிய காலத்திலிருந்து கண்டதிலேயே மிகச் சூடான, மிக வறண்ட ஆண்டு 2019. அந்த ஆண்டின் இறுதியில்தான் அதன் கிழக்குக் கரைக் காடுகள் மாதக்கணக்கில் எரிந்தன. 2023இல் கனடாவில் சுமார் 15 மில்லியன் ஹெக்டேர் எரிந்தது; அவர்களின் முந்தைய உச்சத்தைப் போல் இரண்டு மடங்கு. நம் மலைகளின் தீ அந்த அளவில் இல்லை. ஆனால் நம் மலைகளே சிறியவை. மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் ஈரக்காடான சோலை ஒன்று எரிந்தால் அதற்கு மாற்றாக இன்னொரு சோலை பக்கத்தில் இல்லை.

தொட்டுப் பார்ப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: விடியற்காலையில், வெயில் விழும் முன், சுவருக்கு வெளியே போய்ச் சருகின் மேலடுக்கை விலக்கிவிட்டு அடியில் உள்ளதை ஒரு கைப்பிடி அள்ளுங்கள். கையை இறுக மூடித் திறங்கள். ஈரம் இருக்கும் காலத்தில் அது மடங்கி, கையில் கறுப்பாகக் கறை படியும், மண்வாசனை வரும். பிப்ரவரியில் மேலடுக்கு நொறுங்கினாலும் அடியடுக்கு மடங்க வேண்டும். 2024 மார்ச் தொடக்கத்திலேயே அடியடுக்கும் அப்பளம்போல நொறுங்கியது, அதுவும் காலை ஆறு மணிக்கு. கையில் கறை இல்லை, தூசிதான் இருந்தது. இரவு முழுவதும் பனி இறங்கவில்லை என்பது அந்தத் தூசியில் தெரிந்தது.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. கல்சுவரின் நிழல் பக்கத்துப் பாசி, தைப்பூசம் கழிந்தும் சில வாரங்கள் பச்சையாக இருக்கும். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே உரிந்து விழுந்தது. ஊற்றின் கசிவு நின்று, குழாயில் காற்று வந்தது. காப்பிக்குப் பூமழை வேண்டும். மார்ச்சிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஓர் அங்குல மழையாவது விழுந்தால் மொக்கு விரியும், சில நாட்களில் தோட்டமே வெள்ளையாகும். அந்த ஆண்டு மொக்கு அரிசி அளவிலேயே நின்று கருகியது. பூமழை தவறியது என்றால் விவசாயி விளைச்சலைப் பற்றித்தான் கவலைப்படுவார். அதே செய்தியைத் தீயின் எச்சரிக்கையாகவும் படிக்க வேண்டும். பூக்காத காப்பிக்குக் கீழே இருக்கும் காடு கொளுத்தப்படக் காத்திருக்கும் காடு.

மேல்மலைக்காரர்களுக்கு இன்னொரு அடையாளம் இருக்கிறது: உறைபனி. கொடைக்கானலை அடுத்த பூம்பாறை, மன்னவனூர் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் புல் ஒரே இரவில் பழுப்பாகிவிடும். பகல் வெயில் அதை முறுக்கி வைக்கும். குளிர் வந்தால் தீ வராது என்று எண்ணுகிறவர்கள் அந்தப் பழுப்பை ஒரு முறை கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

அந்தக் கோடை மலையூர்கள் பலவற்றுக்குக் கடினமாக இருந்தது. மார்ச் நடுவில் குன்னூர் அருகே காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் தொங்கும் வாளியில் தண்ணீர் சுமந்து வந்து ஊற்ற வேண்டியிருந்தது. ஏப்ரல் இறுதியில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பற்றிய தீ நாட்கணக்கில் அடங்கவில்லை, சாலையையே மூடினார்கள். அந்த வாரங்களில்தான் எங்கள் சுவருக்குக் கீழேயும் புகை எழுந்தது. பெரிய செய்தியாகும் அளவு தீ இல்லை அது. ஆனால் அதன் நடத்தையை நான் கிட்டத்தில் பார்த்தேன்.

பகல் இரண்டு மணிக்கு மேல் புகை தெரிந்தது. மலையில் பகலில் காற்று சரிவில் மேல்நோக்கி வீசும். இரவில் கீழ்நோக்கி இறங்கும். ஆகவே பகலில் கீழிருந்து ஏறும் தீயின் முன்னால் போய் நிற்பது தற்கொலை. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்களின் பொதுக் கணக்கு. சுடர் சரிவின் மேல் சாய்ந்து, முன்னால் உள்ள புல்லைத் தொடும் முன்பே சூட்டால் காய்ச்சிவிடுவதுதான் காரணம். வனத்துறை ஊழியர்களும் எங்கள் ஊர் இளைஞர்களும் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்த தீக்காவலர்களும், சுவரை ஒட்டிப் புல்லும் சருகும் செதுக்கி வைத்த தீத்தடுப்புக் கோட்டில் காத்திருந்தோம். வெயில் சாய்ந்து காற்று தணிந்த பின், ஏறிவரும் தீக்கு எரிய ஒன்றும் மிஞ்சாதபடி வனத்துறையினர் கோட்டிலிருந்து எதிர்த்தீ வைத்துக் கீழ்நோக்கிச் சிறிது சிறிதாக எரித்து இறக்கினார்கள். பச்சைக் கொப்புகளை வைத்துக்கொண்டு, தாண்டும் பொறிகளை நாங்கள் அடித்து அணைத்தோம். எதிர்த்தீ வைப்பது பயிற்சி பெற்றவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை. நாமாகவே முயன்றால் ஒரு தீ இரண்டு தீயாகிவிடும்.

அன்று என்னை அச்சுறுத்தியது இரவுதான். வழக்கமாக நள்ளிரவுக்கு மேல் குளிர்ந்து பனி இறங்கும். சுடர் குட்டையாகி, தரையோடு தவழும். அந்த நேரத்தில்தான் மனிதர்கள் தீயைப் பிடிக்கிறார்கள். அன்று இரண்டு மணிக்கும் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுடர் முழங்கால் உயரத்துக்குக் கீழே வரவே இல்லை. நான் வயதில் மூத்த காவலரிடம், “அண்ணே, எப்போது அடங்கும்?” என்று கேட்டேன். அவர் தரையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, பனி இறங்கவில்லை. விடியும் வரை நிற்க வேண்டியதுதான். ஆட்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்” என்றார். இரவுகள் சூடாவதால் என்ன நேர்கிறது என்று புள்ளிவிவரம் கேட்பவர்களுக்கு இந்த இரவைத்தான் சொல்வேன். தீயணைப்பவருக்குக் கிடைத்துவந்த அந்த மூன்று நான்கு மணி நேரம் கிடைக்காமல் போகிறது.

சரிவில் இன்னொரு ஆபத்து, உருண்டு வரும் கொள்ளி. மேலே எரிந்து அறுந்த கட்டையோ எரியும் சாணக் கட்டியோ உருண்டு கோட்டைத் தாண்டிக் கீழே போய்ப் புதிதாகப் பற்றவைக்கும். நாம் நிற்கும் இடத்துக்குக் கீழே தீ பற்றினால் அது நம்மை நோக்கி ஏறும். ஆகவே எரியும் பகுதிக்குக் கீழ்ப்பக்கமாகக் கோடு வெட்டும்போது வெறுமனே புல்லைச் செதுக்கினால் போதாது. கோட்டோடு ஒரு சாண் ஆழத்துக்குக் குழி இழுத்து, வெட்டிய மண்ணைக் கீழ்க்கரையில் அணைகட்டி வைக்க வேண்டும். உருளும் கொள்ளி அந்தக் குழியில் விழுந்து கிடக்கும்.

தீ அடங்கிவிட்டது என்று கீழிறங்கி வந்த பிறகும் சில நாட்கள் கழித்து ஒரு பட்ட மரத்தின் வேரிலிருந்து மறுபடி புகை வந்தது. வறட்சி ஆண்டில் இதை எதிர்பார்க்க வேண்டும். புறங்கையைத் தரைக்கு அருகே நீட்டிச் சூடு பார்ப்பது, கட்டைகளைப் புரட்டுவது, வேர்க்குழியில் மண்ணும் தண்ணீரும் குழைத்து ஊற்றுவது, ஒரு வாரமாவது காலையிலும் பிற்பகலிலும் சுற்றிவருவது என்று இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் கடினம். தீயை அணைக்க ஊரே வரும். சாம்பலைக் கிளற யாரும் வருவதில்லை.

குரங்கணியைப் பற்றிப் பேசாமல் இதைக் கடந்து போக முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் இளைஞர்கள். காய்ந்த புல், செங்குத்தான சரிவு, பிற்பகல் காற்று மூன்றும் ஒன்றுசேர்ந்த இடம் அது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. தீக்காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. மூடிவிட்டார்களே என்று சலித்துக்கொண்டு குறுக்குவழி தேடும் பயணிகளை இப்போதும் பார்க்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், அப்படிப் போகாதீர்கள்.

போன இடத்தில் தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடக் கூடாது. மனம் உச்சியைத் தேடும். தீ நம்மை விட வேகமாக ஏறும். பக்கவாட்டில் விலகிக் கீழே இறங்கும் வழியைப் பாருங்கள். வெறும் பாறைப் பரப்பு, அகலமான ஓடைப்படுகை, முன்பே எரிந்து கரிந்த நிலம் ஆகியவை புகலிடம். எரிந்து முடிந்த இடத்தில் எரிய ஒன்றும் இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். குறுகலான பள்ளத்தாக்கு இடுக்குகள் புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும், அங்கே ஒதுங்கக் கூடாது. பருத்தி உடைதான் நல்லது. நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். புகைக்குள் நிமிர்ந்து நடக்காமல் குனிந்து போங்கள்.

எது எரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அடர்ந்த சோலைக்குள் தீ எளிதில் நுழையாது; புல்வெளியில் ஓடி வரும் தீ பெரும்பாலும் சோலையின் ஈர விளிம்பில் நின்றுவிடும். நாம் அந்தப் புல்வெளிகளில் சீகையும் (வாட்டில் மரம்) பைனும் தைல மரமும் நட்டோம். சீகை விதைக்குத் தீ பட்டால் கொண்டாட்டம். சூட்டில் ஓடு வெடித்துக் கூட்டமாக முளைக்கும். கீழ்க்காடுகளில் உண்ணிச்செடி (லாண்டானா). 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் அழகுக்காகக் கொண்டுவந்த இந்தச் செடி, இன்று புல்லுக்கும் மரக்கிளைக்கும் நடுவே ஏணியாக நிற்கிறது. தரைத்தீ அதைப் பிடித்து மேலே ஏறிவிடுகிறது. கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையின் பழங்குடிகளான சோலிகர்கள், கோடை முற்றும் முன்பே சருகை மெல்லப் பொசுக்கும் தங்கள் பழைய வழக்கம் தடைப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் இன்றைய சூட்டில், இன்றைய புதரில், அந்த மெல்லிய தீயை யார் வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. ஈரம் பார்த்து, காற்றுப் பார்த்து, அனுமதியோடும் அனுபவசாலிகளோடும் செய்ய வேண்டிய வேலை அது. அதற்கான பாதுகாப்பான நாட்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது நல்ல தொடக்கம். அகற்றிய கட்டைகளை மலையிலேயே குவித்து வைத்தால் அதுவும் எரிபொருள்தான் என்பதை ஒப்பந்தக்காரர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் இப்போது வேலைகளைப் பருவத்துக்கு ஏற்றபடி முன்னுக்கு இழுத்துவிட்டோம். பொங்கலுக்கு முன்பே எல்லைக் கோட்டைச் செதுக்குகிறோம். மாசி மாதத்தில் உதிர்ந்த இலையை மறுபடி கூட்டுகிறோம். பலரும் தவறவிடுவது இந்த இரண்டாவது கூட்டல்தான். ஜனவரியில் சுத்தமாக இருந்த கோடு, மார்ச்சில் இலை உதிர்ந்ததும் சருகுப் பாதையாகிவிடும், தீ அதன் மேலேயே நடந்து வரும். முதுகில் மாட்டிக்கொள்ளும் காற்று ஊதும் இயந்திரம் ஒன்று இருந்தால் இந்த வேலை பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிகிறது. சில தோட்டங்கள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

தோட்டத்துக்குள் தரையை மூடிக் கிடக்கும் சருகு மூடாக்கை அகற்ற வேண்டாம். அது மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. எல்லையிலிருந்து முப்பது அடிக்கு மட்டும் சருகை வாரி உள்ளே கொண்டுவந்து போடுங்கள். வெறும் சில்வர் ஓக் மட்டும் நட்டு, இடையில் களை காய்ந்து நிற்கும் தோட்டங்களில் தீ எளிதாக நுழைகிறது. பலாவும் அத்தியும் கல்யாண முருங்கையும் கலந்து அடர்ந்த நிழலுள்ள தோட்டத்தின் தரை ஏப்ரலிலும் குளிர்ந்திருக்கிறது. நிழல் மரத்தை வெட்டி விற்றுப் பணம் பார்க்கும் முன் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து பயனில்லை. எல்லைக்கு அருகே ஒரு தொட்டி வேண்டும். அதை ஊற்று ஓடும் பிப்ரவரிக்குள் நிரப்பிவிட வேண்டும். கவாத்துக் கழிவைக் கொளுத்தும் வழக்கத்தை ஊர் கூடி நிறுத்தியிருக்கிறோம். நறுக்கிக் குழியில் போட்டு எருவாக்குகிறோம். அறுவடை முடிந்து குலசாமிக்குப் பொங்கல் வைக்கக் காட்டுக்குள் போகும் குடும்பங்களிடம், அடுப்பைப் பாறை மேல் மூட்டித் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டு வரச் சொல்கிறோம். முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது குடத்தோடு போகிறார்கள்.

செயற்கைக்கோள் எச்சரிக்கை பற்றி ஒரு வார்த்தை. இந்திய வன அளவை நிறுவனம் காட்டுத்தீ எச்சரிக்கைகளைக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது; பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். அவசியம் செய்யுங்கள். ஆனால் அதையே நம்பி உட்கார வேண்டாம். துல்லியமாகப் பார்க்கும் அந்தச் செயற்கைக்கோள்கள் ஓரிடத்தைப் பகல் ஒன்றரை மணி வாக்கிலும் இரவு ஒன்றரை மணி வாக்கிலும்தான் கடக்கின்றன. மாலை நான்கு மணிக்குப் பற்றிய தீ அவற்றின் கண்ணில் பட நள்ளிரவு தாண்டிவிடும். புல்தீக்கு அது மிக நீண்ட நேரம். மேட்டில் நின்று நான்கு திசையும் பார்க்கும் ஒரு மனிதரும், அவர் கையில் வனச்சரக அலுவலகத்தின் எண்ணும் இருப்பது இன்னும் அவசியம். 101க்கும் 112க்கும் சொல்லலாம். சொல்லும்போது ஊர்ப் பெயரோடு, எந்த ஓடைக்கு எந்தப் பக்கம், புகை சரிவின் அடியிலா நடுவிலா என்பதையும் சேர்த்துச் சொன்னால் வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

எரிந்த பிறகு வரும் முதல் மழையிலும் கவனம் தேவை. 2024இல் மே நடுவில் கோடை மழை ஒரேயடியாகக் கொட்டியது. எரிந்த சரிவின் மண் தண்ணீரை உள்ளே விடாமல் வழிய விட்டது. சாம்பலும் மேல்மண்ணும் ஓடையில் கறுப்பாக இறங்கின. சரிவில் ஒரே மட்டத்தில் கட்டைகளைக் குறுக்கே போட்டு ஆப்பு அடித்த இடங்களில் மண் நின்றது. மழை நின்ற சில வாரங்களில் உண்ணிச்செடியும் மேல்மலையில் சீகையும் கன்றுகளாக முளைத்துவரும். மண் ஈரமாக இருக்கும்போது, முழங்கால் உயரத்துக்குள் இருக்கும்போது, வேரோடு கையால் பிடுங்கிவிடலாம். ஓராண்டு தாமதித்தால் அரிவாளும் கூலியும் வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில், தீயின் முன்னால் நிற்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். கோடைக்கு மட்டும் எடுக்கப்படும் தற்காலிகக் காவலர்கள், பெரும்பாலும் மலைவாழ் மக்கள். எங்களோடு நின்றவர்களில் சிலர் ரப்பர் செருப்போடு சாம்பலில் நடந்தார்கள். அவர்களுக்குத் தோல் காலணி, பருத்திச் சீருடை, கண்ணாடி, குடிநீர்ப் பை, காப்பீடு வேண்டும். காவல் பணியைக் குறிப்பிட்ட தேதியில் தொடங்காமல், சருகின் ஈரம் பார்த்துத் தொடங்க வேண்டும். மழை ஜனவரியிலேயே நின்றுவிட்டால் அவர்கள் ஜனவரியிலேயே மலையில் இருக்க வேண்டும், மே வரை சூடு நீடித்தால் மே வரை கூலியும் நீடிக்க வேண்டும். எங்கள் ஊரில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். மற்ற மலையூர்க்காரர்களும் தங்கள் கிராம சபையில் இதை வையுங்கள். ஜனவரி 26 கூட்டம் அதற்குச் சரியான நாள். அதற்கடுத்த வாரங்களில்தான் மலை காயத் தொடங்குகிறது.